ராயகிரியில் இறந்தவர்

1

இந்தக் கதையை ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்டிடமிருந்து எடுத்தேன். பாலிசி விற்க என் வீட்டுக்கு வந்திருந்தார். பக்கத்து ஊரில் ஒருவர் இறந்துபோன கதையைச் சொன்னார். நன்றாக இருந்த மனிதர், சின்ன வயது, இரண்டு பிள்ளைகள், நல்லவேளையாக ஒரு பாலிசி இருந்தது. இறந்தவரின் பேர் என்ன என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "பேரு எதுக்கு சார்" என்றார்.

நான் பாலிசி எடுக்கவில்லை. இறந்தவரை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு அந்த ஆளுக்கு ஒவ்வொரு பேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏஜென்டும் இதே வேலையைத்தான் செய்கிறார் என்று அப்போது பட்டது. பேர் வைக்காமல் நிறுத்திக்கொள்வது அவருடைய சாமர்த்தியம். நிறுத்தத் தெரியாத ஒரு ஏஜென்ட் இருந்தால் என்ன ஆகும்?

எனக்குத் தெரியாது. எழுதத் தொடங்கும்போது தெரியவில்லை. இப்போது முழுதும் எழுதிவிட்டு, இந்த முதல் பகுதியைத் திருத்திக்கொண்டிருக்கும்போதும் சரியாகத் தெரியவில்லை.

2

தொடக்கங்கள்:

(அ) குருநாதன் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது வெயில்

இல்லை. அவர் இந்த ஊர்க்காரர். எங்கேயோ போய்விட்டு வந்து இறங்க வேண்டியதில்லை.

(ஆ) நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் புதிதாக ஒரு தொழிலைத் தொடங்கும்போது அவனுடைய உள்ளத்தில்

உள்ளத்தில் என்ன என்பது எனக்குத் தெரியாது.

(இ) குருநாதன் ஜவுளிக்கடையில் சேலை விற்றவர்.

இது நிற்கும்.

இருபது வருஷத்துக்கு மேல் விற்றார். முதலாளியின் மகன் கடையை மூடிவிட்டு இடத்தை செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டான். குருநாதனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சேலையை உதறி விரிப்பார். எதிரில் உட்கார்ந்திருப்பவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்ப்பார். மச்சினன் சொல்லி இன்சூரன்ஸ் பரீட்சை எழுதினார். தேறியும் விட்டார். ஏஜென்ட் என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள்.

இரண்டு மாதமாகிறது. ஒரு பாலிசிகூட இல்லை. சொந்தக்காரர்கள் அவரைத் தெருவில் கண்டதும் செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒருவர் வைத்த அவசரத்தில் அது காதிலேயே மணியடித்தது.

அவரிடம் விரித்துக் காட்ட ஒன்றும் இல்லை. சிக்கல் அதுதான்.

3

இந்த இடத்தில் வழிகாட்ட ஒருவர் வர வேண்டும். நரைத்த தலை ஒன்றை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். ஷிரின் பானு வந்தாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. கிளையிலேயே அதிகம் பாலிசி பிடிப்பவள். காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் குருவிகுளம் வரை போய்விட்டு மத்தியானம் ஆபீசுக்கு வருவாள். குருநாதன் அவளை மேடம் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். இரண்டு பேரில் யார் யாருக்கு எழுந்து நிற்பது என்பது கடைசி வரை தீர்மானமாகவில்லை.

"மொதல்ல ஒண்ணு அண்ணாச்சி. நீங்க செத்துப்போனான்னு வாயில வரவே கூடாது."

"பரீட்சையில அப்படித்தான மேடம் இருந்துச்சு. பாலிசிதாரர் இறக்கும் பட்சத்தில்."

"பரீட்சையில இருக்கும். ஒரு வீட்டுல போய்ச் சொல்லிப் பாருங்க. வாரியலைக் கொண்டு அடிப்பாவ. நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்படிச் சொல்லணும். நமக்குன்னா ஒங்களையும் சேத்து."

"நானும் கூடச் சாவணுமா?"

"கமிஷன் மட்டும் வேணும். இதுகூடச் செய்ய மாட்டியளா?"

குருநாதன் இதை மனதில் குறித்துக்கொண்டார்.

"அடுத்தது, ஒங்களுக்கு ஒரு ஆளு வேணும்."

"என்ன ஆளு?"

"செத்த ஆளு. பக்கத்து ஊர்ல ஒருத்தர் இருந்தாருன்னு ஆரம்பிக்கணும். சும்மா அட்டவணையக் காட்டிக்கிட்டு இருந்தா யாரும் கேக்க மாட்டாவ. ஒரு ஆளைச் சொல்லுங்க, கேப்பாவ."

"எனக்குத் தெரிஞ்சு செத்தவங்க யாரும் பாலிசி எடுக்கலியே."

பானு செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப எடுக்க வச்சிருங்க."

[முதல் வரைவில் இதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. பானு வீடு வீடாகச் சொல்லிவரும் இறந்த ஆள் அவளுடைய வாப்பாதான் என்று குருநாதனுக்குத் தெரியவருகிறது. எழுதிப் படித்தேன். நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததால் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் அவள் எதைச் சொன்னாலும் எதையோ மறைக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.]

4

அன்று சாயங்காலம் குருநாதன் ரத வீதியில் நடந்தபடி ஒரு மனிதனை உண்டாக்கினார்.

என் வேலையை இன்னொருவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது புதிதாக இருந்தது. அவர் எனக்கு வாய்த்ததைவிடச் சிக்கனமாகச் செய்தார். மறுநாள் போக வேண்டிய வீடு ஒரு டிரைவர் வீடு. எனவே இறந்தவனும் டிரைவர். கரும்பு லாரி. வயது முப்பத்தெட்டு. டிரைவர் வீட்டில் விபத்து என்று சொல்வது நன்றாயிருக்காது. எனவே நெஞ்சு வலி. மனைவி, இரண்டு பிள்ளைகள். பேர் சங்கரசுப்பு.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். அவர் ஊரையும் சொன்னார். ராயகிரி.*

* இது ஜவுளிக்கடைப் பழக்கம். ஊர் சொல்லாமல் சேலை விற்க முடியாது. பட்டு என்றால் எந்த ஊர்ப் பட்டு என்று கேட்பார்கள். சுங்குடி என்றால் சின்னாளபட்டி என்று சொல்ல வேண்டும். சேலை எங்கே நெய்தது என்று தெரியாவிட்டாலும் ஒரு ஊரைச் சொல்ல வேண்டும். சொன்னதும் வாங்குகிறவள் துணியைத் தடவிப் பார்த்து, ஆமாம் என்பாள்.

5

இசக்கிப்பாண்டியின் வீடு பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அவன் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்கு மினி வேனில் பூ லோடு கொண்டு போகிறவன். வீடு அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொது. நடு அறையும் ஒரு அடுப்படியும் இவர்களுக்கு. அவன் மனைவி மாடத்தி. மகள் சடங்குக்கு அவள் எடுத்த சேலைகள் எல்லாம் குருநாதன் விரித்தவை. அந்தப் பழக்கத்தில்தான் வந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி" என்றான் இசக்கிப்பாண்டி. "சேலைய விட்டுட்டு இப்ப கோடித்துணி விக்கியளாமே."

"வந்தவுககிட்டப் பேசுத பேச்சா இது" என்றாள் மாடத்தி. தரையில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன தப்பாவா சொல்லிட்டேன்? செத்தாத்தான துட்டு வரும்?"

"அப்படி இல்ல தம்பி" என்றார் குருநாதன். "நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

"நமக்குன்னா? நீங்களும் எங்கூட வண்டியில வாரியளா?"

குருநாதன் அட்டவணையை எடுத்தார். இசக்கிப்பாண்டி அதை வாங்கி விசிறிக்கொண்டான். அப்போதுதான் அவர் சொன்னார்: "ராயகிரியில சங்கரசுப்புன்னு ஒருத்தரு. ஒங்கள மாதிரிதான், டிரைவரு."

அவர் சொல்லச் சொல்ல மாடத்தியின் விரல்கள் மெதுவாகி நின்றுவிட்டன. குருநாதன் அந்தக் கையைப் பார்த்தார். கடையில் இருபது வருஷமாகப் பார்த்த கை. கை நின்றால் சேலை விற்றாயிற்று.

"அவரு சம்சாரம் பேரு என்ன?"

"சண்முகப்ரியா."

(இது எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.)

"பணம் வந்துச்சா?"

"வந்துச்சு தங்கச்சி. முழுசா வந்துச்சு."

"வந்துச்சு, சரி. அவ கையில இருந்துச்சா?"

குருநாதனுக்குப் புரியவில்லை.

"கொழுந்தன், மாமியாருன்னு வீட்டுல ஆளு இருக்கும்லா. புருசன் போன பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டுத் துட்டுன்னு வாங்கி வச்சுக்கிட்டாவளா? அவளே வச்சுக்கிடும்படி விட்டாவளா?"

"எங்க தம்பிமாரைத்தான் சொல்லுதா" என்று இசக்கிப்பாண்டி சிரித்தான். மாடத்தி சிரிக்கவில்லை. பக்கத்து அறையில் யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள்.

குருநாதன் சங்கரசுப்புவுக்கு அண்ணன் தம்பி யாரையும் உண்டாக்கியிருக்கவில்லை. நானும் அதை யோசித்திருக்கவில்லை. இறந்தவன், விதவை, பிள்ளைகள், பணம். எங்கள் இரண்டு பேருக்கும் இதுவே ஒரு குடும்பமாகத் தெரிந்தது. அதைக் குடும்பம் என்று நம்பாதவள் மாடத்தி ஒருத்திதான்.

"கேட்டுச் சொல்லுதேன்" என்றார் குருநாதன்.

"நீங்க எதுக்குக் கேக்கணும்? ஆம்பளை கேட்டா அவ சொல்ல மாட்டா. புதன்கிழமை என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க. நானே கேட்டுக்கிடுதேன். அவ கையில இருந்துச்சுன்னா இவுக பாலிசி போடட்டும். இல்லன்னா இந்தத் துட்டைக் கட்டி யாருக்கு ஆகப் போகுது?"

"அவ சரின்னா எனக்கும் சரி" என்றான் இசக்கிப்பாண்டி. "எனக்கு என்ன, நான்தான் அப்ப இருக்க மாட்டேனே."

6

[இந்தப் பகுதியில் குருநாதனின் மனச்சாட்சி பேசுவதாக எழுதியிருந்தேன். அது நல்ல தமிழில் பேசியது. எடுத்துவிட்டேன்.]

அவர் பானுவுக்கு போன் போட்டார்.

"ஊர் பேரு சொன்னியளா?"

"சொன்னேன்."

"ஏன் அண்ணாச்சி சொன்னிய?"

"ஊரு சொல்லாம எப்படி மேடம் விக்கது?"

போனில் ஸ்கூட்டர் சத்தம் நின்றது. ஓரமாக நிறுத்தினாள் போல.

"பேராவது?"

"அதுவும் சொன்னேன். அவரு சம்சாரம் பேரும் சொல்லிட்டேன்."

"பிள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குன்னு சொல்லலியே?"

"அத அந்தத் தங்கச்சி கேக்கல."

"ரெண்டு வழி இருக்கு" என்றாள் பானு. "ஒடம்புக்கு முடியலன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருங்க. இல்லன்னா அந்தம்மா இப்ப அங்கன இல்ல, பொறந்த ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிருங்க."

"மூணாவது ஒண்ணு இருக்கில்லா மேடம்?"

"இருக்கு. அத எனக்கு யாரும் ட்ரெய்னிங்ல சொல்லிக்குடுக்கல."

வைத்துவிட்டாள். வழிகாட்டுதல் இவ்வளவுதான். அவளிடம் இன்னும் கொஞ்சம் இருக்கும் என்று நானும் எதிர்பார்த்தேன்.

7

கதையை இங்கேயே முடித்துவிட மூன்று முறை முயன்று பார்த்தேன்.

ஒன்று. வாசுதேவநல்லூரில் பஸ் மாறும்போது குருநாதன் உண்மையைச் சொல்கிறார். மாடத்தி எதிர்த் திசையில் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறாள். அவர் பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கிறார். எழுதிப் படித்தபோது அவர் மிகவும் நல்லவராகத் தெரிந்தார். அவர் நல்லவரா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாததைப் படிக்கிறவர் தலையில் கட்டக் கூடாது.

இரண்டு. சண்முகப்ரியா பிறந்த ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார். எந்த ஊர் என்று மாடத்தி கேட்பாள். அவர் சொல்லிவிடுவார். அங்கேயும் போவார்கள். இந்த முடிவுக்கு முடிவு கிடையாது.

மூன்று. புதன்கிழமை மாடத்தி வரவில்லை. மறந்துவிட்டாள். நடப்பில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். ஆனால் அந்த வீட்டின் நடு அறையை நினைத்துப் பார்த்தேன். அவள் மறக்க மாட்டாள்.

வந்தாள். ஜவுளிக்கடைச் சேலைகளில் ஒன்றைக் கட்டியிருந்தாள். குருநாதன் அதன் விலையைக்கூட நினைவு வைத்திருந்தார். பஸ்ஸில் அவர் இரண்டு தடவை, "தங்கச்சி, நான் சொன்ன அந்த ஆளு" என்று தொடங்கினார். இரண்டு தடவையும் கண்டக்டர்

கண்டக்டரைக் குற்றம் சொல்லக் கூடாது. அவரேதான் நிறுத்திக்கொண்டார். இரண்டு மாதத்தில் அவரோடு உட்கார்ந்து வந்த முதல் வாடிக்கையாளர் அவள்.

8

ராயகிரியில் முதலில் கண்ணில் பட்ட டீக்கடைக்கு மாடத்தி நேராகப் போனாள். குருநாதன் பின்னால் போனார்.

இந்த டீக்கடைக்காரரை ஒரே ஒரு வாக்கியத்துக்காக எழுதினேன். "அப்படி ஒரு ஆளு இங்கன கிடையாதே." அதை அவர் சொன்னால் குருநாதன் மாட்டிக்கொள்வார், கதை முடியும்.

"கரும்பு லாரி ஓட்டுனவரு" என்றாள் மாடத்தி. "முப்பத்தெட்டு வயசாம், நெஞ்சு வலியில போயிட்டாராம். ரெண்டு பிள்ளைய."

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "எந்த வீடு தாயி? அந்தக் கணக்குல இங்கன ரெண்டு வீடு இருக்கே. ஒருத்தன் கரும்பு லோடு, ஒருத்தன் தேங்கா லோடு."

"கரும்பு."

"அப்ப மேலத் தெரு. வெங்கடேஷ் வீடு."

"வெங்கடேஷ் இல்ல. சங்கரசுப்பு."

"அப்படி யாரும் இல்லியே. வீட்டுல கூப்பிடுத பேரா இருக்கும் தாயி. லைசென்சுல ஒரு பேரு, வீட்டுல ஒரு பேருன்னு எத்தனை பேரு இருக்கான். நல்ல பய. இந்தா, இந்த பெஞ்சுலதான் உக்காந்து டீ குடிப்பான்."

மாடத்தி குருநாதனைப் பார்த்தாள். குருநாதன் பெஞ்சைப் பார்த்தார். அதில் இப்போது ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்ல வந்தவர் இரண்டு பேர் என்கிறார். முப்பத்தெட்டு வயது டிரைவர், நெஞ்சு வலி, இரண்டு பிள்ளைகள். நாங்கள் உண்டாக்கினோம் என்று நினைத்த ஆள் எங்களுக்கு முன்பே இறந்துகிடக்கிறான். எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் அங்கே இப்படி ஒரு வீடு இருந்திருக்கும்.

"மேலத் தெருன்னா எந்தப் பக்கம்?" என்று மாடத்தி கேட்டாள்.

9

வீட்டு வாசலில் அவள் திரும்பி, "நீங்க வெளியவே நில்லுங்க அண்ணாச்சி. பொம்பளைக்குப் பொம்பளை பேசிக்கிடுதோம்" என்றாள்.

இந்தக் கதை குருநாதனை விட்டு நகராது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். ஆகவே உள்ளே போக எனக்கு வழியில்லை. உங்களுக்கும் இல்லை. மூன்று பேரும் தெருவில் நிற்கிறோம். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு டிராக்டர் டிரெய்லர் நிற்கிறது. உள்ளே மிக்சி ஓடி நிற்கிறது. ஒரு பெண் குரல், பிறகு மாடத்தியின் குரல். பிறகு வெகுநேரம் அந்தப் பெண் குரல் மட்டும்.

அந்த வீட்டில் இன்சூரன்ஸ் பணமே வந்திருக்காது என்று குருநாதன் நினைத்தார். அப்படியானால் நல்லது. பொய் இங்கேயே உடையும். அவர் உடைக்க வேண்டியதில்லை. அப்படி நினைத்ததும், அந்தப் பெண்ணுக்குப் பணம் வந்திருக்கக் கூடாது என்று தான் ஆசைப்பட்டதை உணர்ந்தார். டிரெய்லருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மாடத்தி வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. தெரு முனை வரை முன்னால் நடந்தாள்.

"பணம் வந்துச்சாம்" என்றாள்.

"ஓ."

"கொழுந்தன்மாரு கேட்டாவளாம். குடுக்க மாட்டேன்னுட்டாளாம். அதுலருந்து அந்த வீட்டுல யாரும் இவகூடப் பேசுதது இல்ல. பிள்ளையகிட்டகூடப் பேசுதது இல்ல."

"பணம் அவ கையில..."

"இருக்கு. அதுதான் நான் கேக்க வந்தது. தெரிஞ்சுக்கிட்டேன்."

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. அவள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"அவுகளுக்கும் ஒரு ஏஜென்ட் இருந்திருக்காரு. கையெழுத்து வாங்குத வரைக்கும் தெனம் வந்து உக்காந்திருப்பாராம். அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டிருக்காவ. அவ புருசன் செத்ததுக்கு அப்புறம் எட்டிப் பாக்கலியாம். அவ தனியாப் போயி ஆபீஸ்ல நின்னிருக்கா. அங்கன ஒரு பேப்பரக் கேப்பானாம், அதக் கொண்டு போனா இன்னொண்ணு கேப்பானாம். கொழுந்தன்மாரும் பின்னாலயே போயி அதே ஆபீஸ்ல நின்னிருக்கானுவ, அவளுக்குக் குடுக்காதியன்னு சொல்ல."

குருநாதன் பஸ் வரும் திசையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல கையெழுத்துப் போடுவாவ. நான் போட வச்சிருவேன். அது ஒங்ககிட்டயா வேற ஆளுகிட்டயாங்கதைத்தான் இன்னும் முடிவு பண்ணல."

"அப்படிச் சொல்லாத தங்கச்சி."

"பொறுங்க. நாளைக்கு நான் அந்த ஆபீஸ்ல போயி நின்னா, எங்கூட நிக்கப் போறது நீங்கதான? எங்க கொழுந்தன்மாரு ஒரு பக்கம் சொல்லுவாவ, நீங்க ஒரு பக்கம் சொல்லணும். அப்ப நீங்க சொல்லுதத நான் நம்பணும்லா."

"ஆமா."

"அவ புருசன் பேரு வெங்கடேஷ். வீட்டுலயும் வெங்கடேஷ்தான், வெளியவும் வெங்கடேஷ்தான். அவ பேரு சண்முகப்ரியா இல்ல. நான் கேட்டுட்டேன்."

தலைப்பை விலக்கி அவரை நேராகப் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. ஒரு சேலையின் சாயம் போகுமா போகாதா என்று கேட்பவளின் முகமாக இருந்தது.

"சொல்லுங்க அண்ணாச்சி. சங்கரசுப்பு யாரு?"

10

"அப்படி ஒருத்தர் இல்ல தங்கச்சி" என்று அவர் சொல்வதாக எழுதினேன். இறந்துபோன ஒருவனை நின்ற நிலையில் உண்டாக்கத் தெரிந்தவரை ஆபீசுக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்று அவள் நினைத்தாள். அடித்துவிட்டு அதே பதிலை மறுபடி எழுதினேன். பரவாயில்லை, கேட்டதும் ஒத்துக்கொண்டார் என்று நினைத்தாள். பதில் ஒன்றுதான், அவள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தாள்.

"அது இன்னொரு வீடு தங்கச்சி, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றும் எழுதிப் பார்த்தேன். அவர் அதையும் நன்றாகவே சொன்னார். தேங்காய் லோடு ஓட்டியவனின் வீடு இன்னும் பாக்கி இருக்கிறது அல்லவா. எனக்கே பாதி நம்பிக்கை வந்தது. கேட்டவள் மாடத்தி என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

குருநாதன் வாயைத் திறக்கிறார். "சங்கரசுப்பு...

அடுத்த சொல்லை நான் எழுதினால் அது என் பதில். அவள் கேட்டது என்னை அல்ல. நீங்களும் தெருவில் நின்றுகொண்டிருந்தவர்தான். உள்ளே மிக்சி நின்றதைக் கேட்டவர்தான். பஸ் இன்னும் வரவில்லை. மெதுவாகவே சொல்லலாம். ஆனால் அவள் இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.